சுயதொழில் செய்வோர் நாற்பத்து மூவர்

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு, இட்லித் தட்டுக்கும் சட்டினிக் கிண்ணத்துக்கும் இடையில் யோகலட்சுமி ஒரு தாளை வைத்தாள். மூன்று நாள்களில் அது மூன்றாவது முறை. கல்யாணசுந்தரி அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தாளைத் தம் பக்கம் இழுத்தார். சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தார்.

"‘படிப்பை தொடர’ன்னு எழுதியிருக்கே. நடுவுல ‘த்’ எங்க?"

"சம்மதக் கையெழுத்துப் போடுத எடத்துக்கு நாலு வரி மேல இருக்கு அத்தை. ‘த்’ போட்ட கையோட கீழயும் போட்டுத் தந்திருங்க."

அம்மாள் ‘த்’ போட்டார். கீழே போடவில்லை. பேனாவை மூடிக் கைப்பைக்குள் வைத்தார்.

"இன்னைக்குக் காலேஜுக்கு மதிப்பீட்டுக் குழு வருது. அவங்க போகட்டும். திங்கக்கிழமை பாத்துக்கலாம்."

"இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணியோட மீள்சேர்க்கை முடியுது. திங்கக்கிழமை எதைப் பாக்க?"

"அடுத்த வருஷம் சேந்தா ஆகாதா?"

"சேந்த நாள்லேருந்து ஏழு வருஷத்துக்குள்ள டிகிரிய முடிக்கணும்னு யூனிவர்சிட்டி சொல்லுது. ரெண்டு வருஷம் படிச்சேன், நாலு வருஷம் இங்கன நின்னேன். இது ஏழாவது. அந்த விதியை நோட்டீஸ் போர்டுல ஒட்டச் சொன்னதே நீங்கதான அத்தை?"

அம்மாள் இட்லியைப் பிட்டார். இக்கட்டான இடங்களில் உணவைக் கவனிப்பது அவருடைய வழக்கம். யோகலட்சுமி கணவன் பக்கம் திரும்பினாள்.

"நீங்களாவது போடலாம்லா?"

செந்தில்வேல் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். தனக்கு மேல் இரண்டு கையெழுத்து விழாத தாளில் பேனா வைக்காதவன். வீட்டிலும் அந்த ஒழுங்கை விட்டவன் இல்லை. "இது அம்மாவோட காலேஜ் விஷயம்ட்டி. அம்மா போட்டாவன்னா நான் கண்ண மூடிட்டுப் போடுதேன்," என்றான்.

"நீங்க கண்ணத் தொறந்தாத்தான் அதிசயம்," என்று சொல்லிவிட்டு, யோகலட்சுமி தாளை மடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அவளுடைய மூன்று வயது மகள் பின்னாலேயே ஓடினாள்.

பேருந்தின் சன்னலோரத்தில், குற்றாலச் சாரல் முகத்தில் தெறிக்க உட்கார்ந்திருந்தபோது, தாம் ஏன் கையெழுத்திடவில்லை என்பதற்கு அம்மாள் ஓர் ஒழுங்கான காரணத்தை அமைத்துக்கொண்டார். காரணம் அமைப்பதில் அவர் தேர்ந்தவர். குற்றாலம் சாலையில் இருந்த அந்த அரசுக் கலைக் கல்லூரியில் முப்பத்திரண்டு ஆண்டுகளாகத் தமிழ்ப் பேராசிரியர்; பிறர் பிழைகளைத் திருத்தி மாதந்தோறும் ஊதியம் பெற்றவர். ஓய்வுக்கு இன்னும் ஓராண்டு. மாநிலத்து அரசுக் கல்லூரிகளெல்லாம் எவ்வளவு தேறுகின்றன என்று இந்த ஆண்டு அளந்து பார்க்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்ததும், கல்லூரியின் தன்மதிப்பீட்டு அறிக்கையை எழுதும் ஒருங்கிணைப்பாளராக அவரைத்தான் அமர்த்தினார்கள். தம்மைத் தாமே மதிப்பிடுவதில் அவருக்கு அதுவரை ஒரு சிக்கலும் நேர்ந்ததில்லை.

நானூறு பக்கம். ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை. பொய் மட்டும் ஒன்று இருந்தது. அது எழுபத்தாறாம் பக்கத்து அட்டவணையில் இருந்தது.

ஐந்தாண்டுகளில் இடையில் நின்ற மாணவியர் நாற்பத்து மூவர். அத்தனை பேரும் திருமணத்தால் நின்றவர்கள். துபாயிலிருந்தும் தம்மாமிலிருந்தும் நாற்பது நாள் விடுப்பில் வரும் மாப்பிள்ளைக்குப் பருவத் தேர்வு முடியும்வரை காத்திருக்க நேரம் இருப்பதில்லை. வயலும் அலுவலகமும் உள்ள வீடுகளில், தை முகூர்த்தம் வந்துவிட்டால் அடுத்த தை வரை காத்திருக்கப் பொறுமை இருப்பதில்லை. மேலகரத்திலும் இலத்தூரிலும் செங்கோட்டையிலும் நடந்த அந்தத் திருமணங்களில் முக்காலே மூணு வீசத்துக்கு அம்மாள் போயிருக்கிறார். முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார். பிரியாணியும் தின்றிருக்கிறார், பருப்புப் பாயசமும் குடித்திருக்கிறார். ஒவ்வொரு மணமகளுக்கும் ஒரு தமிழகராதி பரிசளித்திருக்கிறார். அச்சுக்குப் போகுமுன் அழைப்பிதழைக் கொண்டுவந்து காட்டுவார்கள். எழுத்துப்பிழை திருத்திக் கொடுப்பார். மணமகள் பெயருக்குப் பின்னால் அவள் இன்னும் பெறாத பட்டம் போட்டிருக்கும். அதை மட்டும் அவர் திருத்தியதில்லை. எழுத்துப்பிழை இல்லாமல்தானே போட்டிருக்கிறார்கள்?

நாற்பத்து மூன்றையும் இடைநிற்றல் என்று காட்டினால் கல்லூரியின் தரம் ஒரு படி இறங்கும். இறங்கினால் மகளிர் விடுதிக்கு வரவேண்டிய நிதி நின்றுபோகும். முதல்வர் ஆவுடைநாயகம் போன வாரம் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அட்டவணையில் மீதி இருந்தவை மூன்று கட்டங்கள்: உயர்கல்வி, வேலைவாய்ப்பு, சுயதொழில்.

அப்போது அம்மாளின் அறிவு வேலை செய்தது.

"இல்லத்தை நடத்துவது தொழில் இல்லையா?" என்று கேட்டார். "பெண்களின் வீட்டுழைப்பை மதிக்க வேண்டும் என்று ஊரெல்லாம் பேசுகிறார்கள். நாம் மதிப்போம். சுயதொழில் என்று எழுது."

கணினியில் தட்டச்சிட்டுக்கொண்டிருந்த கௌரவ விரிவுரையாளர் ஷஹானா கையை எடுத்துவிட்டாள். "மதிக்கது நல்லதுதான் மேடம். ஆனா பக்கத்துலயே ஆண்டு வருமானம்னு ஒரு கட்டம் இருக்கே?"

"அதை வெறுமையாக விடு."

"அதுவும் உண்மைதான்," என்று ஷஹானா முணுமுணுத்தது அம்மாளின் காதில் விழுந்தது. விழாததுபோல் இருந்தார். ஒவ்வொரு மகளிர் நாளிலும் மேடையேறி, பெண்கல்வி குறித்து எட்டு ஆண்டுகளாக ஒரே உரையை நிறுத்தற்குறி பிசகாமல் ஆற்றியவர் அவர். அவருக்கே மகளிர் உரிமையை ஒருத்தி கற்றுத்தருவதா?

நாற்பத்து மூவரில் முப்பத்தெட்டாவது பெயர் யோகலட்சுமி.

கணிதத்தில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தவள். தேர்வறைக் கண்காணிப்புக்குப் போன அம்மாள், விடைத்தாளில் அளவுகோல் வைத்துக் கோடிழுக்கும் ஒரே மாணவியாக அவளைக் கண்டார். ‘இவ்வளவு ஒழுங்கான பெண் பல்கலைக்கழகத் தரவரிசையில் வருவாளே’ என்று ஓர் ஆசிரியைக்குத் தோன்றியிருக்க வேண்டும். ‘இவ்வளவு ஒழுங்கான பெண் நம் வீட்டுக்கு வந்தால்’ என்று ஒரு தாய்க்குத் தோன்றியது. சுந்தரபாண்டியபுரத்தில் நெல் விவசாயம் செய்த அவள் அப்பா, பேராசிரியரே வீடு தேடி வந்த பெருமையில் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "படிப்புதான் பாதியில நிக்குதே?" என்று தயங்கியவரிடம், "கல்யாணத்துக்கு அப்புறம் படிக்கட்டும், நானே கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவேன்," என்றார் அம்மாள். "நாங்கள் எதையும் கேட்கமாட்டோம், உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வது உங்கள் விருப்பம்," என்றும் சொன்னார். கேட்காமலே கேட்கும் அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. முப்பது பவுன் வந்தது.

இன்று அவள் மறுபடி சேர்ந்தால், இடைநின்றவள் என்பது பதிவேட்டில் ஏறும். சுயதொழில் செய்பவள் ஒரே நாளில் எப்படி இடைநின்றவளாவாள் என்று குழு கேட்கும். ஆகவே கையெழுத்திடக் கூடாது. பேருந்து கல்லூரி வாசலில் நின்றபோது காரணம் முழுமை பெற்றிருந்தது. நாளை முதல் காலைச் சமையலை யார் செய்வது என்ற மற்றொரு காரணத்தை அதற்குள் நுழைய அவர் அனுமதிக்கவில்லை.

குழுவின் தலைவர் பேராசிரியர் துல்கர்னைன். புள்ளியியலார், மதுரைக்காரர், மெல்லிய குரல். முந்தின நாள் மாலை அவரை ஐந்தருவியில் குளிக்க வைத்து, மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்து, மனத்தைக் குளிர்வித்துவிட்டதாக முதல்வர் நம்பிக்கொண்டிருந்தார். மனிதர் பஜ்ஜியைத் தின்றுவிட்டு எழுபத்தாறாம் பக்கத்தையும் படித்திருந்தார்.

"நாற்பத்து மூணு பேர் சுயதொழில்," என்றார், பிற்பகலில் முதல்வர் அறையில் எல்லாரும் உட்கார்ந்ததும். "எங்களுக்கே பொறாமையா இருக்கு சார். ஒருத்தங்ககிட்டப் பேசிப் பாப்போமா?"

"தாராளமா சார். முதல் பேரே—"

"முதல் அஞ்சு பேருக்கு எல்லாக் காலேஜ்லயும் பாடம் சொல்லிக் குடுத்திருப்பாங்க." முதல்வர் தேவைக்கு மேல் உரக்கச் சிரித்தார். "யார்கிட்டயாவது பஸ் டிக்கெட் இருக்கா?"

ஷஹானா பையைத் துழாவி, மகளிருக்கான கட்டணமில்லாப் பயணச்சீட்டை எடுத்து நீட்டினாள். துல்கர்னைன் அதன் கடைசி இரண்டு எண்களைப் பார்த்தார். "முப்பத்தெட்டு."

ஷஹானா தரையைப் பார்த்தாள். கல்யாணசுந்தரி அம்மாள் அட்டவணையைப் பார்த்தார், அந்த எண்ணுக்கு நேரே வேறு பெயர் முளைத்திருக்கலாம் என்பதுபோல. துல்கர்னைன் எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியை முடுக்கி, கைப்பேசியை மேசை நடுவில் வைத்தார்.

"ஹலோ?"

அடுத்த கணமே குக்கர் விசிலடித்தது. அம்மாளுக்கு அந்தக் குக்கரைத் தெரியும்.

"வணக்கம்மா. யோகலட்சுமிங்களா? உயர்கல்வி மதிப்பீட்டுக் குழுவுலேருந்து பேசுறேன். நீங்க சுயதொழில் செய்றதா காலேஜ்ல எழுதியிருக்காங்க. அதைப் பத்தி நாலு கேள்வி கேக்கலாமா?"

"யாரு சார் எழுதினது?"

"ஒருங்கிணைப்பாளர் மேடம்."

"அப்போ சரியாத்தான் இருக்கும் சார். அவங்க தப்பா எழுத மாட்டாங்க. கேளுங்க."

"என்ன தொழில்மா?"

"சாப்பாடு சார். காலையில அஞ்சு மணிக்குத் தொடங்கும். மூணு வேளை. அதோட துணி, பாத்திரம், புள்ள. ஞாயித்துக்கிழமை விருந்தாளி வந்தா கூடுதல் உற்பத்தி."

குழுவின் இளைய உறுப்பினர் ஒருவர் கையடக்கக் கணினியில் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டிருந்தார். துல்கர்னைன் புருவத்தை மட்டும் உயர்த்தினார். "எத்தனை பேர் வேலை பாக்குறாங்க?"

"ஒருத்தி."

"முதலீடு?"

"எங்க அப்பா போட்டாவ சார். முப்பது பவுன்."

"வருமானம்?"

"போன தீவாளிக்கு ஒரு சேலை. நல்ல சேலைதான், குறை சொல்லக் கூடாது."

"இந்தத் தொழிலுக்குக் காலேஜ் படிப்பு உதவுச்சா?"

"உதவாம சார்? நாலு செமஸ்டர் கணிதம் படிச்சிருக்கேன். பருப்புக்கு எத்தனை விசில்னு பிசகாம எண்ணுவேன்."

வாசலருகே தேநீர்த் தட்டுடன் நின்றிருந்த அலுவலக உதவியாளர், தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே ஏந்தி நின்றார்.

"தொழிலை விரிவாக்குற எண்ணம் உண்டாம்மா?" துல்கர்னைனின் குரல் இன்னும் மெலிந்திருந்தது.

"விட்டுட்டுப் படிக்கலாம்னு எண்ணம் சார். இன்னைக்குத்தான் கடைசி நாள். முதலாளி கையெழுத்து வேணும்."

"முதலாளி யாரு?"

"அங்கனதான் சார் இருப்பாவ. பச்சைக் கரை போட்ட சந்தனக் கலர் சேலை. காலையில நான்தான் தேய்ச்சுக் குடுத்தேன்."

அறையில் ஒரே ஒரு சந்தன நிறச் சேலை இருந்தது. அதன் மடிப்புக் கலையாமல் அதற்குள் கல்யாணசுந்தரி அம்மாள் உட்கார்ந்திருந்தார். ‘கொடுத்தேன் என்பதைக் குடுத்தேன் என்கிறாளே’ என்று அந்த நிலையிலும் ஓர் எண்ணம் ஓடியது. முப்பத்திரண்டு ஆண்டுப் படிப்பு கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதானா என்று தம்மைத் தாமே வெறுத்துக்கொண்டார். அழைப்பு முடிந்திருந்தது.

"எழுபத்தாறாம் பக்கம் பிழை," என்றார். குரல் வகுப்பறைக் குரலாகவே வந்தது. "நாற்பத்து மூவரும் இடைநின்றவர்கள். எழுதியது நான். திருத்த வேண்டும்."

"மேடம்!" முதல்வர் எழுந்தேவிட்டார். "நீங்க அடுத்த வருஷம் ரிட்டயர்டு. எனக்கு இன்னும் ஏழு வருஷம் இருக்கு. அந்தப் பிள்ளை ஏதோ கோவத்துல வெளையாட்டாப் பேசுது..."

"வெளையாட்டில்லை. ஒவ்வொரு விடையும் சரி. கேள்வித்தாள்தான் தவறு."

இளைய உறுப்பினர் தயங்கித் தயங்கிக் கையடக்கக் கணினியைத் தலைவரிடம் நீட்டினார். தொழில்: உண்டு. முதலீடு: உண்டு. பணியாளர்: ஒருவர். விரிவாக்கத் திட்டம்: உண்டு. எல்லாக் கட்டமும் நிரம்பியதும் திரையில் பச்சை நிறத்தில் ஒரு சொல் வந்திருந்தது: ‘சரிபார்க்கப்பட்டது.’

துல்கர்னைன் அதை அம்மாளுக்குத் திருப்பிக் காட்டினார். "அறிக்கையைப் பதிவேத்தின அன்னைக்கே தளம் பூட்டிருச்சு மேடம். நீங்க எழுதிக் குடுங்க, நான் இணைக்கிறேன். ஆனா மதிப்பெண் போடுறது நான் இல்ல, இதுதான். இந்தப் பொண்ணு சொன்னதை எழுத இதுல ஒரு கட்டம்கூட இல்ல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "முழு மதிப்பெண் வரும். வாழ்த்துகள்."

முதல்வர் தேநீர்த் தட்டை அருகே அழைத்தார்.

அம்மாள் வெள்ளைத்தாளில் ஐந்து வரி எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். தம் வாழ்நாளில் எழுதிய மிகச் சரியான ஐந்து வரிகளை ஒருவரும் படிக்கப்போவதில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. மூன்றேமுக்கால் மணி. வீட்டுக்குப் போய்த் தாளில் கையெழுத்திட்டு எடுத்துவர நேரம் இருக்குமா என்று கணக்கிட்டுக்கொண்டே படியிறங்கியவர், அலுவலகச் சாளரத்தின் முன்னால் நின்றார்.

யோகலட்சுமி அங்கே நின்றிருந்தாள். இடுப்பில் குழந்தை, தோளில் சாரல் ஈரம். சாளரத்துக்கு உள்ளே எழுத்தர் மாடன் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"நல்லவேளை மேடம், நீங்களே வந்துட்டீங்க. பாரம்லாம் சரியா இருக்கு. சம்மதக் கையெழுத்து மட்டும் இல்ல. கல்யாணமான பிள்ளைன்னா வீட்டுக்காரரோ மாமியாரோ போடணும்லா?"

"போட்டுத்தரேன்." அம்மாள் கைப்பையைத் திறந்தார். உள்ளே சிவப்புப் பேனாதான் இருந்தது. "பேனா குடுங்க மாடன்... நீலப் பேனா."

யோகலட்சுமி சாளரப் பலகையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டாள்.

"வேண்டாம் அத்தை."

"என்னட்டி வேண்டாம்? மூணு நாளா நீதான கேட்டுட்டு நின்னே?"

"கேட்டேன். இப்போ வேண்டாம். எனக்கு இருபத்தஞ்சு வயசு ஆவுது. நீங்க போட்டா, போடுறதும் போடாததும் உங்க இஷ்டம்னு ஆயிரும். எனக்குப் பின்னால வாறவளும் யார்கிட்டயாவது தாளைத் தூக்கிட்டு இட்லித் தட்டுப் பக்கத்துல நிக்கணும்." அவள் மாடனைப் பார்த்தாள். "அண்ணாச்சி, இந்த விதி எந்த அரசாணையில இருக்கு? காட்டுங்க, நான் போயிருதேன்."

மாடன் பாவம். அம்மாளைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார், மறுபடி அம்மாளைப் பார்த்தார். "அரசாணைல்லாம் தெரியாதும்மா. மேடம் சொன்னாவ, நாங்க செய்யுதோம். எட்டு வருஷமா அப்படித்தான்."

எட்டாண்டுகளுக்கு முன் ஒருநாள், மனைவியைத் தேடி வந்த ஒருவன் வாயிற்கதவில் நின்று கத்தினான். கல்லூரிக்குள் கூச்சல் கூடாது என்று அம்மாள் கருதினார். கத்தியவனைத் தடுக்க விதி செய்யவில்லை. படிக்க வந்தவளைத் தடுக்கச் செய்தார். அரசு கேட்கவில்லை, பல்கலைக்கழகம் கேட்கவில்லை. ஒழுங்கு கேட்டது என்றுதான் அன்று நினைத்திருந்தார்.

"மாடன், அந்தப் பதிவேட்டை எடுங்க."

பதிவேட்டில், எல்லாரும் பார்க்க நின்றுகொண்டே எழுதினார்: திருமணமான மாணவியரிடம் குடும்பத்தாரின் ஒப்புதல் கேட்கும் வழக்கத்துக்கு ஆணை எதுவும் இல்லை, அதை ஏற்படுத்தியவர் கீழே கையெழுத்திடுபவர், இன்றோடு அது நீக்கப்படுகிறது. ‘நீக்கப்படுகிறது’ கோணலாக விழுந்தது. திருத்தி எழுதவில்லை.

மாடன் எட்டிப் படித்துவிட்டு, நிம்மதியாக மூச்சு விட்டார். "இனி எனக்கு வேலை மிச்சம்," என்று சொல்லி விண்ணப்பத்தை வாங்கி முத்திரை குத்தினார்.

"புள்ளையப் பிடிங்க அத்தை. வங்கிச் சலான் கட்டிட்டு வந்திருதேன்," என்றாள் யோகலட்சுமி. நன்றி சொல்லவில்லை, கோபமும் காட்டவில்லை. குழந்தை கை மாறியது. அவள் சாரலில் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, தெருவைக் கடந்து, நடையும் ஓட்டமுமாகப் போனாள்.

அலுவலக வராந்தாவின் மரப்பலகையில் கல்யாணசுந்தரி அம்மாள் உட்கார்ந்தார். குழந்தை அவர் மடியில் காலை உதைத்துச் சேலை மடிப்பைக் கலைத்தது. கைப்பையில் இருந்த எழுபத்தாறாம் பக்கத்து நகலை விரித்தார். மீதி நாற்பத்திரண்டு பெயர்கள் அதில் அகர வரிசையில் இருந்தன. எதிரே கைப்பேசி எண்கள். அவர்களில் எத்தனை பேருக்கு ஏழாண்டு முடியவில்லை என்று பேனாவால் குறித்தார். பதினேழு பேர். மணி நாலு பத்து. ஐம்பது நிமிடத்தில் பதினேழு பேர் வந்து சேரப்போவதில்லை. வேலையை வரிசைப்படி செய்பவர் என்பதால் முதல் பெயரிலிருந்தே தொடங்கினார். ஆஷிகா, இலத்தூர்.

"ஹலோ, யாரு?" வயதான பெண்குரல்.

"காலேஜ்லேருந்து பேசுதேன். ஆஷிகா இருக்காளா?"

"அவ அடுப்படில நிக்கிதா. நான் அவ மாமியாரு, ஹாஜரா பீவி. எதுனாலும் எங்கிட்டச் சொல்லுங்க, நான் சொல்லிக்கிடுதேன்."

யோகலட்சுமியைத் தேடி வந்த தோழியரிடம், நான்காண்டுகளில் எத்தனை முறை இதே சொற்களைச் சொல்லியிருப்போம் என்று அம்மாள் எண்ணத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

"நானும் மாமியாருதாம்மா," என்றார். "நாம ரெண்டு பேரும் சொன்னது போதும். போனை அவ கையில குடுங்க."

மறுமுனை துண்டிக்கப்பட்டது. அம்மாள் குழந்தையை மடியின் மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டு, அதே எண்ணை மறுபடியும் அழுத்தினார்.